விளக்கும் நிறமும்: பல்புகளின் ஒளி பொருளின் தோற்றத்தையும் மனத்தையும் மாற்றும் விதம்

ஜவுளிக் கடையில் புடவை எடுப்போர் விலை பேசுமுன் அதனைக் கடை வாயிலுக்குக் கொண்டு வந்து, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது நெடுங்கால வழக்கம். கடைக்குள் கறுப்பாகத் தோன்றிய சேலை வாயிலில் கருநீலமாகவும், உள்ளே ஒரே நிறமாகத் தோன்றிய சேலையும் ரவிக்கைத் துணியும் வெளியில் இரு வேறு நிறங்களாகவும் காட்சியளிப்பதுண்டு. துணி மாறவில்லை, சாயமும் மாறவில்லை. மாறியது வெளிச்சம் ஒன்றே.

துணியின் நிறத்தில் நேரும் பிழையால் சிறிது பணமும் மன நிறைவும் மட்டுமே இழக்கப்படும். ஆனால், பிறந்து மூன்று நாட்களான குழந்தையின் தோல் மஞ்சளித்திருக்கிறதா என்பதை ஒரு சுகாதார ஊழியர் இரவில் விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யும்போது நேரும் பிழை அத்தகையதன்று. நெற்பயிரின் இலை நிறத்தைக் கொண்டு உர அளவைக் கணிக்கும் வேளாண் ஊழியரும், குடிநீர் மாதிரியில் சொட்டு மருந்திட்டு அதன் நிறத்தை அட்டையுடன் ஒப்பிடும் கிராமப் பெண்ணும் இதே நிலையில் உள்ளவர்களே. ஆகவே, எந்த விளக்கு எந்த நிறத்தை உண்மையாகக் காட்டும், எதனை மறைக்கும் என்பதை அறிந்திருத்தல் களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் இன்றியமையாதது.

மல்லாபூரின் தெருக்களில் ஒரு மாற்றம்

ஐதராபாத் நகரின் கிழக்குப் புறத்தில், நாச்சாரத்துக்கும் மௌலாலிக்கும் அண்மையில் அமைந்துள்ளது மல்லாபூர். தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் கலந்த பகுதி அது. பகலில் இயந்திரங்களின் முன் நிற்போர் பலர் மாலையில் அதே சுற்றுப்புறத்திலேயே காய்கறி வாங்கி, சமைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து உறங்கச் செல்கின்றனர். பட்டறை, கடை, தெரு, வீடு ஆகிய நான்கிடங்களிலும் நான்கு வகை ஒளியை ஒரே நாளில் காணும் வாழ்க்கை இது.

இந்நகரின் பல சாலைகளில் முன்னர் சோடியம் விளக்குகளின் ஆரஞ்சு கலந்த மஞ்சள் ஒளியே பரவியிருந்தது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் பெருநகர் ஐதராபாத் மாநகராட்சி, மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் மூலம், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றியது. வீடுகளில் இம்மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டுள்ளன.

இம்மாற்றத்தால் மின்சாரம் மிச்சமாயிற்று என்பதை அனைவரும் அறிவர். 60 வாட் இழை பல்பு தரும் ஒளிக்குச் சற்றும் குறையாத ஒளியை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. ஆனால், மாறியது மின் கட்டணம் மட்டுமன்று. சோடியம் விளக்கின் கீழ் நின்ற நீல நிற வண்டி ஏறத்தாழக் கறுப்பாகவும், பச்சை நிறக் கதவு சாம்பல் கலந்த தவிட்டு நிறமாகவும் தோன்றும். எல்.இ.டி. ஒளியில் அவை நீலமாகவும் பச்சையாகவுமே தெரிகின்றன. அதே வேளையில், வீடுகளின் மஞ்சள் வெளிச்சம் நீங்கி, நீலச்சாயை கொண்ட வெள்ளை வெளிச்சம் படுக்கையறை வரை புகுந்துவிட்டது. இவ்விரு விளைவுகளையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். முன்னது நிறத்தைப் பற்றியது. பின்னது உடலையும் மனத்தையும் பற்றியது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

நிறம் பொருளுக்குள்ளேயே உறைந்திருப்பதாகக் கருதுவது இயல்பு. உண்மையில் நிறம் என்பது மூன்றின் கூட்டு விளைவு: விளக்கு தரும் ஒளி, அதில் பொருள் திருப்பியனுப்பும் பகுதி, அதனைப் பெறும் கண். தக்காளி சிவப்பாகத் தோன்றுவதற்குக் காரணம், அது நீல, பச்சை ஒளிகளைப் பெரிதும் உட்கொண்டு சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்புவதே. வந்து விழும் ஒளியில் சிவப்பே இல்லையெனில், திருப்பியனுப்பத் தக்காளியிடம் ஒன்றுமில்லை. அப்போது அது கருமையாகவே தோன்றும்.

கண்ணால் காணத்தக்க ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ளது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும் இந்த வரிசையே நிறமாலை எனப்படும். சூரிய ஒளியில் இவ்வரிசை இடைவெளியின்றி நிறைந்துள்ளது. ஆகவேதான் பகல் வெளிச்சத்தில் எப்பொருளும் தன் நிறத்தைக் காட்ட வாய்ப்புப் பெறுகிறது. விளக்குகளின் நிலை அவ்வாறன்று. ஒவ்வொரு விளக்கும் இவ்வரிசையில் சில பகுதிகளை மிகுதியாகவும், சிலவற்றைக் குறைவாகவும் தருகிறது. சிலவற்றைத் தராமலே விடுகிறது.

நான்கு வகை விளக்குகள்

முதலாவது, இழை பல்பு. டங்ஸ்டன் என்னும் உலோகத்தாலான மெல்லிய இழையை மின்சாரம் ஏறத்தாழ 2,500 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்ற, அது ஒளிவிடுகிறது. செலவாகும் மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதி வெப்பமாகவே வீணாகிறது. எனினும், இதன் நிறமாலையில் இடைவெளி இல்லை. சிவப்பு மிகுந்தும் நீலம் குறைந்தும் இருப்பதே இதன் குறை. கருநீலத் துணியையும் கறுப்புத் துணியையும் இவ்வொளியில் வேறுபடுத்தி அறிவது கடினம்.

இரண்டாவது, குழல் விளக்கும் அதன் சுருண்ட வடிவமான சி.எஃப்.எல். பல்பும். குழலுக்குள் உள்ள பாதரச ஆவி மின்சாரத்தால் தூண்டப்பட்டு, கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை வெளியிடுகிறது. குழலின் உட்புறத்தில் பூசப்பட்டுள்ள ஒளிரும் பொடி அதனைப் புலப்படும் ஒளியாக மாற்றுகிறது. இவ்வொளி தொடர்ச்சியானதன்று, சில நிறங்கள் கூர்மையாக மேலெழுந்தும், இடையே பள்ளங்கள் விழுந்தும் காணப்படும். பாதரச ஒளியின் இத்தனித்தனிக் கோடுகள் விஞ்ஞானத்துக்கு ஒரு காலத்தில் பேருதவி புரிந்தன. 1928ஆம் ஆண்டில் சர் சி. வி. ராமன் தம் பெயர் கொண்ட விளைவை ஆராய்ந்தபோது, பாதரச விளக்கின் தனிக்கோடுகளையே ஒளி மூலமாகப் பயன்படுத்தினார். மூலக்கோடு தனித்து நின்றமையால், அதனருகே புதிதாகத் தோன்றிய மங்கிய கோடுகளைப் பிரித்தறிய முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் நன்மையாயிருந்த இதே இயல்பு, நிறம் பார்க்கும் இடத்தில் குறையாகி விடுகிறது.

மூன்றாவது, சோடியம் விளக்கு. தாழ் அழுத்த வகையில் ஏறத்தாழ முழு ஒளியும் 589 நானோமீட்டரை ஒட்டிய ஒரே மஞ்சள் நிறமாகும். அதன் கீழ் உலகம் முழுவதும் மஞ்சளும் கருமையும் மட்டுமே. சாலைகளில் பெரிதும் நிறுவப்பட்ட உயர் அழுத்த வகையில் பிற நிறங்கள் சிறிது கலந்துள்ளன. எனினும் நீலமும் பச்சையும் மிகக் குறைவு.

நான்காவது, எல்.இ.டி. விளக்கு. இதற்கு அடிப்படையான நீல ஒளி உமிழும் டையோடை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியமைக்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெள்ளை எல்.இ.டி. எனப்படுவது பெரும்பாலும் உண்மையில் ஒரு நீல விளக்கே. அதன்மேல் பூசப்பட்ட பொடி நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகின்றன. இதன் நிறமாலையில் 450 நானோமீட்டரை ஒட்டி நீலம் உயர்ந்து நிற்கும். அதனையடுத்து ஒரு பள்ளம். பின் பச்சை முதல் ஆரஞ்சு வரை அகன்ற மேடு. விலை குறைந்த பல்புகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவாக இருக்கும்.

பெட்டியின்மேல் உள்ள இரு எண்கள்

பல்பு வாங்குவோர் வாட் அளவை மட்டுமே நோக்குவர். அது செலவாகும் மின்சாரத்தைக் குறிக்குமேயன்றி ஒளியின் தன்மையைக் குறிக்காது. நிறத்தைப் பற்றி அறிய வேறு இரு எண்களைப் பார்த்தல் வேண்டும்.

ஒன்று, கெல்வின் அளவில் தரப்படும் நிற வெப்பநிலை. இது வெள்ளை ஒளியின் சாயலைக் குறிக்கிறது. மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். இழை பல்பு 2,700. நண்பகல் வெயில் சுமார் 5,500. மேகம் மூடிய வானம் 6,500. எண் ஏற ஏற ஒளி நீலச்சாயல் பெறும். சூடு என்னும் சொல்லால் இங்கு ஒரு மயக்கம் நேர்வதுண்டு. மக்கள் ‘இதமான ஒளி’ எனக் கூறும் மஞ்சள் ஒளியே குறைந்த எண்ணுடையது. ‘குளிர்ந்த ஒளி’ எனப்படும் நீல வெள்ளையே அதிக எண்ணுடையது.

மற்றொன்று, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் எண். பெட்டியின்மேல் இது ‘சி.ஆர்.ஐ.’ என்று அச்சிடப்பட்டிருக்கும். இதன் உச்ச அளவு 100. இழை பல்பு ஏறத்தாழ 100 பெறும்; உயர் அழுத்தச் சோடியம் விளக்கு 20 முதல் 25 வரையே பெறும்; இன்றைய வீட்டு எல்.இ.டி. பல்புகள் பொதுவாக 80ஐ ஒட்டியவை. சிறப்பு வகைகள் 90க்கு மேற்பட்டவை.

இவ்விரு எண்களும் ஒன்றையொன்று சார்ந்தவையல்ல என்பதே முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. 6,500 கெல்வின் பல்பு பகலொளி போன்ற சாயல் உடையது. ஆனால், அதனாலேயே பகலொளி போல் நிறங்களைக் காட்டிவிடும் என்று கொள்ளலாகாது. வெள்ளைத் தாளை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. சிவப்புத் துணியை வைத்தால் வேறுபாடு வெளிப்படும்.

மேலும், 80 என்ற எண்ணுக்குள்ளும் ஒரு குறை மறைந்திருக்கலாம். இவ்வெண் எட்டு மென்மையான நிற மாதிரிகளைக் கொண்டு கணக்கிடப்படும் சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் இடம்பெறவில்லை. அது ஒன்பதாவது மாதிரியாகத் தனியே அளக்கப்படுகிறது. ஆகவே, சராசரியில் 80 பெற்ற பல்பு சிவப்பில் மிகவும் பின்தங்கியிருக்கக் கூடும். இரத்தத்தின் நிறமும், தோலுக்கு அடியில் ஓடும் செம்மையும் இச்சிவப்பையே சார்ந்தவை.

சாயப் பட்டறையினர் இதனை அனுபவத்தால் அறிவர். வெவ்வேறு சாயக் கலவைகளில் தோய்த்த இரு துணிகள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகவும், வேறொரு விளக்கின் கீழ் வேறாகவும் தோன்றும். இதனால்தான் ஏற்றுமதிக்குத் துணி தயாரிக்கும் ஆலைகளில், பகலொளி, கடை விளக்கு, வீட்டு விளக்கு ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி எரியவிடத்தக்க ஒளிப்பெட்டிக்குள் வைத்தே துணியின் நிறம் ஒப்பிடப்படுகிறது.

களப் பணியில் நிறம்

பிறந்த குழந்தைகளின் வீட்டுக்கு ஆஷா ஊழியர்கள் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் செல்லுதல் வேண்டும் என்பது நடைமுறை. அப்போது கவனிக்க வேண்டியவற்றுள் ஒன்று மஞ்சள் காமாலை. பல குழந்தைகளுக்கு இலேசான மஞ்சள் தோன்றித் தானே மறையும். ஆனால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தோன்றினாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் அளவு மீறினால் மூளையை நிரந்தரமாகப் பாதிக்கக் கூடும்.

2,700 கெல்வின் பல்பின் கீழ் எல்லாத் தோலும் சற்று மஞ்சளாகவே தோன்றுவதால், உண்மையான மஞ்சள் அதில் கலந்து மறைந்துவிடலாம். நீலச்சாயல் கொண்ட ஒளியோ தோலை வெளுப்பாகக் காட்டும். சுவரின் வண்ணமும் இதில் பங்கு கொள்கிறது. பச்சை அல்லது மஞ்சள் பூசிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி குழந்தையின் மேல் விழும். ஆகையால், குழந்தையைச் சன்னலருகே அல்லது வாயிற்படியருகே, பகல் வெளிச்சத்தில், ஆனால் நேர் வெயில் படாமல் வைத்து, தோலை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பார்த்தலே முறை. இரவில் பார்க்க நேர்ந்து ஐயம் தோன்றினால், விளக்கை நம்பிக் காலங்கடத்துவதினும் மருத்துவமனைக்கு அனுப்புவதே பாதுகாப்பு. பகலொளியிலும் கண் கணிப்பு உறுதியானதன்று. இரத்தப் பரிசோதனையே இறுதி முடிவு தரும்.

இந்நோய்க்கு ஒளியே மருந்தாவது வியப்புக்குரியது. இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்து ராக்ஃபோர்டு மருத்துவமனையில், 1950களில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் தோல் மஞ்சள் நீங்கியிருந்ததைச் செவிலியர் ஜீன் வார்டு கவனித்தார். அதனைப் பின்தொடர்ந்த மருத்துவர்கள் 1958ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பிலிருபினை உடலிலிருந்து எளிதில் வெளியேறத்தக்க வடிவுக்கு மாற்றுகிறது. மருத்துவமனைகளில் இன்று காணப்படும் நீல விளக்குப் படுக்கைகள் இக்கண்டுபிடிப்பின் பயனே. ஆனால், அந்த நீல விளக்கின் கீழ் குழந்தையின் நிறத்தைக் கண்ணால் மதிப்பிட இயலாது. குணமாக்கும் ஒளி வேறு, காட்டும் ஒளி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. குழந்தையைத் தாமே வெயிலில் கிடத்தினால் போதும் என்று பெற்றோர் எண்ணிவிடாதபடி எடுத்துரைப்பதும் ஊழியரின் கடமை.

சோகையைக் கண்டறியக் கீழிமையின் உட்புறச் செம்மையைப் பார்க்கும் வழக்கத்துக்கும் இவ்விதி பொருந்தும். சிவப்புக் குறைந்த விளக்கொளியில் நல்ல இமையும் வெளுத்துத் தோன்றலாம். சோகை முதலிய ஊட்டக் குறைகளை ஆராயும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மல்லாபூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத தார்நாகாவில் அமைந்துள்ளது. 1918ஆம் ஆண்டில் நீலகிரி மாவட்டக் குன்னூரில் தொடங்கி, 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது.

வேளாண்மையில் நெற்பயிருக்குத் தழைச்சத்து இடும் தருணத்தை அறிய இலை வண்ண அட்டை பயன்படுகிறது. முழுதும் விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்து, காலை 8 முதல் 10 மணிக்குள், பார்ப்பவர் தம் உடலால் வெயிலை மறைத்து நிழலில் ஒப்பிடுதல் வேண்டும் என்பது விதி. நேர் வெயிலில் இலையின் பளபளப்பு கண்ணை ஏமாற்றும். இலைகளைப் பறித்து வந்து மாலையில் அலுவலக விளக்கின் கீழ் ஒப்பிட்டால் அட்டையில் ஒரு படி பிசகலாம். அப்பிசகு தேவையற்ற ஒரு தவணை யூரியாவாகவோ, பசியால் வாடும் பயிராகவோ முடியும்.

2019ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் கிராமப் பெண்கள் பயன்படுத்தும் நீர்ச் சோதனைப் பெட்டிகளிலும், பள்ளிகளில் நிறக்குருடு அறியப் பயன்படும் இஷிஹாரா புள்ளிப் படங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இஷிஹாரா படங்கள் பகலொளிக்கென அமைக்கப்பட்டவை. இழை பல்பின் மஞ்சள் ஒளியில் நிறக்குறையுடைய சிலர் அவற்றைச் சரியாகப் படித்துவிடுவதுண்டு. பின்னாளில் இரயில்வே வேலைக்குச் செல்லும்போதுதான் குறை வெளிப்பட்டு, அந்த இளைஞர் ஏமாற்றமடைய நேரும்.

ஒளியும் மனநிலையும்

விளக்கு நிறத்தை மட்டுமன்றி மனநிலையையும் மாற்றுகிறது என்பது பொது அனுபவம். இதில் உறுதியாக அறியப்பட்டது எது, பழக்கத்தால் தோன்றுவது எது எனப் பிரித்தறிதல் நலம்.

கண்ணின் உட்திரையில் உருவத்தையும் நிறத்தையும் காணும் இருவகை உயிரணுக்களே உள்ளன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2002ஆம் ஆண்டில், அமெரிக்க விஞ்ஞானி டேவிட் பெர்சனும் அவருடன் பணியாற்றியோரும், பார்வைக்கன்றி உடலின் உட்கடிகாரத்துக்கு வெளிச்சத்தைத் தெரிவிக்கும் மூன்றாம் வகை உயிரணுக்களும் ஒளியை நேரே உணர்கின்றன என்று காட்டினர். இவை 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைச் சிறப்பாக உணர்கின்றன. இரவு நெருங்கும்போது உடலில் சுரந்து உறக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் என்னும் பொருளை இவ்வொளி தடுக்கிறது.

ஆகவே, பகலில் மிகுந்த வெளிச்சமும் இரவில் குறைந்த வெளிச்சமும் உடலுக்கு ஏற்றவை. 2022ஆம் ஆண்டில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையில், உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே உட்கடிகாரத்தைத் தூண்டும் ஒளியை வெகுவாகக் குறைத்துக் கொள்ளுமாறு கூறப்பட்டுள்ளது. படுக்கையறையில் எரியும் 6,500 கெல்வின் பல்பு, அதே அளவு பிரகாசமுள்ள 2,700 கெல்வின் பல்பைவிட இவ்வகையில் அதிகமாகக் குறுக்கிடும். ஆயினும், பல்பின் நிறத்தை மாற்றியும் பிரகாசத்தைக் குறைக்காவிடில் பயன் சிறிதே. இரவுப் பணி முடித்துக் காலையில் உறங்கும் தொழிலாளிக்கு, அறையை நன்கு இருட்டாக்கும் தடித்த திரையே எந்தப் பல்பைவிடவும் உதவும்.

பகலைப் பொறுத்தவரை எந்தப் பல்பும் வானத்துக்கு ஈடாகாது. நண்பகல் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவும், மேகமூட்ட நாளில் 10,000 லக்ஸ் அளவும் வெளிச்சம் இருக்க, நன்கு விளக்கேற்றிய வகுப்பறையில் சுமார் 300 லக்ஸே கிடைக்கும். வடநாடுகளில் குளிர்காலத்து மனச்சோர்வுக்கு 10,000 லக்ஸ் விளக்கின் முன் அமரச் செய்து சிகிச்சை அளிக்கின்றனர். ஐதராபாத்திலோ மிகக் குறுகிய பகலும் ஏறத்தாழ 11 மணி நேரம் நீள்வதால், காலையில் சிறிது நேரம் திறந்த வெளியில் நடப்பதே போதிய வெளிச்சம் தரும். நாள்தோறும் நீடிக்கும் மனச்சோர்வு பல்பை மாற்றித் தீர்க்கத்தக்கதன்று. அதற்கு மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மஞ்சள் ஒளி அமைதி தரும், வெள்ளை ஒளி சுறுசுறுப்பூட்டும் என்னும் கருத்து ஓரளவு பழக்கத்தைச் சார்ந்தது. மங்கலான ஒளியில் மஞ்சளும் பிரகாசமான ஒளியில் வெள்ளையும் இனிமையாகத் தோன்றும் என்று 1941ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் க்ரூயிதாஃப் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். பிற்காலச் சோதனைகள் அதனை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. ஆனால், கண்ணுக்குப் புலப்படாத துடிப்பு தீங்கு செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. பழைய குழல் விளக்கின் துடிப்பை மின்னணுச் சாதனத்தால் நீக்கியபோது அலுவலக ஊழியர்களின் தலைவலியும் கண் அயர்ச்சியும் பாதிக்கும் கீழாகக் குறைந்தன என்று 1989ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கண்டனர். தரக்குறைவான எல்.இ.டி. பல்புகளிலும் இத்துடிப்பு உண்டு. கைப்பேசியின் படக்கருவி வழியே அவ்வொளியைப் பார்க்கையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைக் கொண்டு அதனை அறியலாம்.

பள்ளியில் செய்து காட்டத்தக்க இரு சோதனைகள்

முதல் சோதனைக்கு வேண்டியது பழைய குறுந்தகடு ஒன்றே. அதன் பளபளப்பான புறத்தில் விளக்கின் ஒளி படுமாறு சாய்த்துப் பிடித்தால் நிறமாலை தோன்றும். இழை பல்பில் இடைவெளியற்ற பட்டையும், சி.எஃப்.எல். பல்பில் தனித்தனி நிறத் துண்டுகளும், எல்.இ.டி. பல்பில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே மங்கிய பகுதியும் காணப்படும். சூரியனை நோக்கித் தகட்டைப் பிடிக்கக் கூடாது என்று மாணவர்களுக்கு முன்னரே கூறுதல் வேண்டும்.

இரண்டாவது சோதனையை ஆசிரியரே செய்தல் வேண்டும். இருட்டறையில் சாராய விளக்கின் திரியில் சமையல் உப்பைத் தூவி ஏற்றினால், உப்பிலுள்ள சோடியம் 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளியை விடும். அதன்முன் சிவப்பு, பச்சை, நீல நிற நாடாக்களை நீட்டினால் அவை நிறமிழந்து சாம்பலும் கருமையுமாகும். மாணவர்களின் முகங்களும் வெளிறித் தோன்றும். பின் சன்னலைத் திறந்ததும் நிறங்கள் யாவும் மீளும். நிறம் பொருளில் மட்டும் இல்லை என்னும் உண்மையை இச்சோதனை ஒரு நிமிடத்தில் உணர்த்திவிடும்.

எவ்விடத்துக்கு எவ்விளக்கு?

படிக்கும் மேசை, சமையலறை, வகுப்பறை ஆகியவற்றுக்கு 4,000 முதல் 6,500 கெல்வின் வரையுள்ள, நிற எண் 80க்குக் குறையாத பல்பு போதுமானது. படுக்கையறைக்கு 2,700 முதல் 3,000 கெல்வின் வரையுள்ள, பிரகாசம் குறைந்த பல்பு ஏற்றது. துணை சுகாதார நிலையத்தின் பரிசோதனை மேசை, தையற்கூடம், சாயப்பட்டறை போன்ற, நிறம் பார்த்து முடிவெடுக்கும் இடங்களில் 4,000 முதல் 5,000 கெல்வின் வரையுள்ள, நிற எண் 90க்கு மேற்பட்ட பல்பை அமைத்தல் வேண்டும். அதன் விலை சற்று அதிகமே. எனினும் கட்டிடம் முழுவதும் வேண்டியதில்லை, அம்மேசைக்கு மேல் ஒன்று போதும். மேசையைச் சன்னலருகே இடுவதற்கு அச்செலவும் இல்லை.

மல்லாபூரின் தெருக்களில் இன்று நீலம் நீலமாகத் தெரிவது ஒரு முன்னேற்றமே. ஆனால், தெருவுக்கு ஏற்ற ஒளி தொட்டிலருகே பார்க்கும் பார்வைக்கும் போதும் என்று கொள்ளலாகாது. புடவை வாங்குவோர் வாயிற்படிக்கு வந்து நிறம் பார்த்த பழைய வழக்கத்தில் ஓர் அறிவு அடங்கியிருந்தது. அதே வாயிற்படிக்குக் குழந்தையையும் எடுத்து வந்து பார்ப்பவரே, விளக்கின் இயல்பை அறிந்து பணியாற்றும் ஊழியராவார்.